காண்பாரும் காணப்படுவாரும்

சுற்றுலா என்னும் சொல்லைக் கேட்டதும் மாணவர் முகம் மலர்வதை ஆசிரியர் அனைவரும் அறிவர். ஆண்டின் இறுதி வாரங்களில் அச்சொல் பள்ளியில் ஒலிக்கத் தொடங்கிவிட்டால், பிறகு கணக்கும் ஏறாது, இலக்கணமும் ஏறாது. ஆயினும் அச்சொல்லின் உள்ளே ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்திருப்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. உலா என்பது தமிழ்ச் சிற்றிலக்கிய வகைகளுள் ஒன்று. சேரமான் பெருமாள் நாயனாரின் திருக்கைலாய ஞானவுலா முதலாக, ஒட்டக்கூத்தரின் மூவருலா உள்ளிட்ட நூல்கள் பல அவ்வகையில் எழுந்தன. அவற்றில் உலா வருபவன் இறைவனாகவோ மன்னனாகவோ இருப்பான். அவன் வீதியில் வருகின்றான். பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக ஏழு பருவ மகளிரும் மாடத்திலும் வாயிலிலும் நின்று அவனைக் காண்கின்றனர். அஃதாவது, உலா வருபவன் காணப்படுபவன். ஊரில் இருப்போரே காண்போர்.

இன்றைய சுற்றுலாவில் இம்முறை தலைகீழாகிவிட்டது. உலாப் போகின்றவர் காண்கின்றார். ஊரில் இருப்பவர் காணப்படுகின்றார். இதனை வெறும் சொல்லாராய்ச்சி என்று தள்ளிவிடுதல் வேண்டா. பழைய உலாவில் மன்னன் தன்னைப் பிறர் கண்ணுக்குத் தானே தருகின்றான். தர விருப்பமில்லையேல் அரண்மனையிலேயே இருந்துவிடலாம். இன்று காணப்படுகின்றவர்க்கு அத்தகைய விருப்புரிமை உண்டா? தம் வீட்டு வாயிலில் அமர்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் ஒரு மூதாட்டியை, எங்கிருந்தோ வந்த நாற்பது பேர் நின்று பார்த்துவிட்டுப் போகலாமா? பார்ப்பது எப்படிக் குற்றமாகும்? பார்வை பட்டு எப்பொருள் தேய்ந்துவிடும்? இவ்வினாக்களைப் பினாங்கு மாநகரை முன்வைத்து ஆராய விழைகின்றேன். கெடாவிலும் பேராவிலும் உள்ள தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் சுற்றுலாப் பேருந்துகள் அங்கேதான் போய் நிற்கின்றன. என் பணிக்காலத்தில் நானும் பலமுறை மாணவரை அழைத்துச் சென்றிருக்கின்றேன்.

வெயிலும் கடலும் மலையும் ஓரிடத்தில் கூடிய நகரம் அது. 1985ஆம் ஆண்டு திறக்கப்பட்ட, 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பாலத்தின்மீது பேருந்து ஏறியதும் பிள்ளைகள் சன்னலோரத்துக்குப் பாய்வர். பிறகு வழக்கமான வரிசை தொடங்கும். 1786இல் பிரான்சிஸ் லைட் வந்திறங்கிய இடத்திலுள்ள கோட்டை. அதன் அருகே கடற்காற்று வீசும் திடல். ஆயர் ஈத்தாமில் கெக் லோக் சி பௌத்த ஆலயம். 1884இல் சார்லஸ் கர்ட்டிஸ் உருவாக்கத் தொடங்கிய தாவரத் தோட்டம். கொடிமலைக்கு ஏறும் கம்பிவடத் தொடர்வண்டி. மாலையில் பத்து பிரிங்கிக் கடற்கரை. ஒரே நாளில் இத்தனையும் பார்த்துவிட்டுத் திரும்பும் பேருந்தில் விழித்திருப்பவர் ஓட்டுநரும் தலைமையாசிரியரும் மட்டுமே.

மறுநாள் வகுப்பில் கட்டுரை எழுதப் பணிக்கின்றோம். 'நான் சென்றுவந்த சுற்றுலா' என்னும் தலைப்பை அறியாத தமிழாசிரியர் உண்டோ? காலை ஆறு மணிக்குப் பேருந்து புறப்பட்டது என்று அது தொடங்கும். வழியெல்லாம் இயற்கைக் காட்சிகள் கண்ணுக்கு விருந்தளிக்கும். குரங்குகள் சேட்டை செய்யும். கொண்டு சென்ற நாசி லெமாக் பொட்டலங்களை அனைவரும் பகிர்ந்து உண்பர். மாலையில் அலைகள் பாதங்களை முத்தமிடும். இறுதியில் உடல் களைத்தாலும் உள்ளம் களிப்புற்று வீடு திரும்புவர். இத்தகைய கட்டுரைகளை நூற்றுக்கணக்கில் திருத்தியவன் என்னும் உரிமையில் ஒன்று கூறுவேன்: அவற்றில் எழுத்துப்பிழை இருக்கும், சந்திப்பிழை இருக்கும், மனிதர் மட்டும் இருக்க மாட்டார். ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் ஒரு நகருக்குப் போய்வந்த பிள்ளை, அங்கே குரங்கைக் கண்டதாக எழுதுகின்றது; மனிதரைக் கண்டதாக எழுதுவதில்லை. குரங்கைக் குறைத்து மதிப்பதாக எண்ணற்க. அதற்கும் ஒரு வரி உரியதே.

ஓராண்டு ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் கட்டுரை இவ்வாய்பாட்டிலிருந்து விலகி நின்றது. கடற்கரைச் சாலையை ஒட்டிய சீனர் படகுத்துறைக் குடியிருப்புக்கு நாங்கள் சென்றதைப் பற்றி அவள் இரண்டே வரிகள் எழுதியிருந்தாள். நாங்கள் வருவதைக் கண்ட ஒரு பாட்டி எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார் என்பது ஒரு வரி. பாட்டிக்கு உடம்பு சரியில்லையா, அல்லது எங்களைப் பிடிக்கவில்லையா என்பது மற்றொன்று. திருத்துவதற்கு அதில் பிழை ஏதுமில்லை. ஆனால் அவ்வினாவுக்கு விடை கூறாமல் ஏட்டைத் திருப்பிக் கொடுத்தல் ஆசிரியத் தொழிலுக்கு ஏற்றதன்று.

அக்குடியிருப்பைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். வெல்ட் கீ எனப்படும் கடற்கரைச் சாலையோரம், கடலுக்குள் மரத்தூண்களை நட்டு, அவற்றின்மேல் பலகைப் பாதையும் இருமருங்கும் வீடுகளுமாக அமைந்த ஊர்கள் அவை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்சீனத்திலிருந்து வந்தோர் குலவாரியாக அங்கே குடியேறினர். சியூ, லிம், டான், லீ, இயோ எனக் குலப்பெயரே துறையின் பெயராயிற்று. ஆழ்கடலில் நின்ற கப்பல்களிலிருந்து சரக்கையும் ஆளையும் படகில் ஏற்றி இறக்குவதே அவர்தம் தொழில். நிலம் வாங்க வழியில்லாதவர்கள் நீரின்மேல் வீடு கட்டினர் என்று சுருங்கச் சொல்லலாம். 2006ஆம் ஆண்டு இரு துறைகள் இடிக்கப்பட்டன. எஞ்சியவை 2008 சூலையில் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்ற ஜார்ஜ் டவுன் எல்லைக்குள் அடங்கிப் பிழைத்தன. பிழைத்ததோடு புகழும் பெற்றன. இன்று சியூ துறையில் நினைவுப்பொருட் கடைகளும் குளிர்பானக் கடைகளும் வரிசையாக உள்ளன. அவற்றுக்கிடையே சாதாரணக் குடும்பங்களும் வாழ்கின்றன. பலகைப் பாதை குறுகியது. அதில் நடப்பவன் எட்டிப் பார்க்க முயலாவிடினும், திறந்த கதவின் வழியே நடுக்கூடமும், குலதெய்வ மாடமும், சாய்வுநாற்காலியில் உறங்கும் முதியவரும் அவன் கண்ணில் படுவர். பாதையும் வீடும் அவ்வளவு நெருக்கம்.

ஆகவே அந்த மூதாட்டி கதவைச் சாத்தியதில் வியப்பில்லை. ஒரு நாளைக்கு எத்தனை நூறு கண்கள்! நம் தோட்டத்து இலயங்களில் வாழ்ந்தவர்க்கு இது புரியும். வரிசை வீட்டின் முன்வாயிலில் அமர்ந்து தலைவாரும்போது, மேலதிகாரியோடு வந்த புதியவர்கள் நின்று பார்த்துவிட்டு, தமக்குள் ஏதோ பேசிக்கொண்டு போவதை நம் முன்னோர் அறிவர். அவர்கள் எதையும் எடுத்துச் செல்லவில்லை. ஆயினும் அவர்கள் போன பின்னர் வாயிலில் அமர்ந்திருந்தவர் உள்ளே எழுந்து போனார்.

இவ்விடத்தில் நண்பர் ஒருவர் எழுப்பிய தடையை மறைத்தல் ஆகாது. அவரும் தலைமையாசிரியரே, என்னைவிட நடைமுறை அறிந்தவர். "பார்ப்பவன் பணம் தருகின்றான், காட்டுபவன் பணம் பெறுகின்றான். கணக்கு அங்கேயே தீர்ந்தது. இதில் அறம் எங்கே குறுக்கிடுகின்றது?" என்றார். இவ்வாதத்தில் உண்மை உண்டு. 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தபோது பினாங்குத் தெருக்கள் வெறிச்சோடின. பயணியர் கூட்டத்தைக் கண்டு முகஞ்சுளித்த தெருக்களே அக்கூட்டத்துக்காக ஏங்கின. திரிஷாக்காரரும், பொரித்த வாழைப்பழம் விற்பவரும், சிறு விடுதி நடத்துபவரும் எவ்வாறு நாட்களைக் கடத்தினர் என்பதை நாம் கண்டோம். நாட்டின் எல்லைகள் 2022 ஏப்ரல் முதல் நாள் மீண்டும் திறக்கப்பட்டபோது அவர்கள் மகிழ்ந்ததில் பொய்யில்லை. சுற்றுலாவைப் பழிப்போர் இதனையும் நினைவிற்கொள்ளல் வேண்டும்.

ஆனால் கணக்கு முழுவதும் தீர்ந்ததா? குளிர்பானம் விற்றவர்க்கு நான் விலை கொடுத்தேன். அதனால் அவருடைய சமையலறையை எட்டிப் பார்க்கும் உரிமை எனக்கு வந்துவிடாது. மூன்றாம் வீட்டு மூதாட்டியோ எதையும் விற்கவில்லை. என்னிடம் எதையும் பெறவில்லை. அவர் வாழ்க்கை என் கண்ணுக்குப் பொருளாயிற்று. பணம் அடுத்த கடைக்குப் போயிற்று. நண்பரின் பேரேட்டில் அம்மூதாட்டிக்கு ஒரு பக்கம் இல்லை.

இதற்கு விடை தேடும்போது நம் மொழி வழக்கே வழிகாட்டுகின்றது என்பது என் துணிபு. இறைவன் அடியார்க்குக் காட்சி கொடுத்தான் என்கின்றோம். அவர் எனக்கு முகங்கொடுத்துப் பேசினார் என்கின்றோம். செவி கொடுத்தார், இடங்கொடுத்தார் என்றும் கூறுகின்றோம். காட்சியும் முகமும் கொடுக்கப்படுபவை; கொடுப்பவர் காணப்படுபவர்; பெறுபவர் காண்பவர். பல தலைமுறையாக இவ்வாறு பேசிவந்த நாம், புகைப்படக் கருவி வந்ததும் 'படம் எடுத்தேன்' என்று சொல்லத் தொடங்கினோம். கொடுத்தல் எடுத்தலாயிற்று. சொல்லின்மேல் பழி சுமத்துவது என் நோக்கமன்று. பிறமொழிகளிலும் அவ்வாறே கூறுகின்றனர். ஆயினும் காட்சியை ஒரு கொடையாகக் கருதினால் இரண்டு உண்மைகள் உடனே விளங்கும். கொடை என்றால் மறுக்கும் உரிமை கொடுப்பவரிடம் இருத்தல் வேண்டும். மறுக்க இயலாதவரிடமிருந்து பெறுவது கொடையாகாது. அடுத்து, கொடை பெற்றவன் கொடுத்தவரை ஏறெடுத்துப் பார்த்தல் வேண்டும். அவர் தன்னைப் பார்க்கவும் இடந்தரல் வேண்டும். எவ்வகைச் சுற்றுலா முறையானது, எது முறையற்றது என்று வேறுபடுத்த இவ்விரண்டுமே எனக்குப் போதுமானவையாகத் தோன்றுகின்றன.

கொடிமலையின் பழங்கதையை இவ்வளவுகோலால் அளந்து பார்க்கலாம். 1923இல் மலைத்தொடர்வண்டி ஓடத் தொடங்கும்முன், மேலே சென்று குளிர்காற்று வாங்க விரும்பிய வெள்ளையர் குதிரையில் ஏறினர்; அல்லது நாற்காலிப் பல்லக்கில் அமர, ஆட்கள் சுமந்து சென்றனர். உச்சியில் நின்று கடலின் எழிலைக் கண்டவரின் கண்ணுக்கும் அக்கடலுக்கும் இடையே சுமந்தவரின் தோள் இருந்தது. சுமந்தவரும் அதே உச்சிக்குத்தான் ஏறினார். அவர் கண்ட கடலைப் பற்றி எவரும் அவரிடம் கேட்டு எழுதி வைக்கவில்லை. இன்று அத்தோள் கண்ணுக்குத் தெரியாதபடி நகர்ந்துவிட்டது. வண்டியை ஓட்டுபவர், நடைபாதையைக் கூட்டுபவர், கழிவறையைத் தூய்மை செய்பவர் என்று அது பலவாகப் பிரிந்து நிற்கின்றது.

இதுவரை நாம் காண்பார் பக்கத்தில் நின்றோம். அதே பினாங்கில் நாம் காணப்படுவாராக நிற்கும் நாள் ஒன்று உண்டு. அதுவே தைப்பூசம். அருவியின் பெயரால் நம்மவர் தண்ணீர்மலை என்று அழைக்கும் அப்பகுதிக்கு, நகரிலிருந்து வெள்ளி இரதமும், 2017 முதல் தங்க இரதமும் செல்கின்றன. தெருவெங்கும் தேங்காய் உடைபடுகின்றது. காவடி ஏந்திய அடியார் பாலதண்டாயுதபாணி ஆலயத்தின் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகளை ஏறுகின்றனர். உலகின் பல நாடுகளிலிருந்தும் பயணியர் வந்து குவிகின்றனர். நம் வழிபாடு அன்று ஒரு காட்சியாகின்றது. இதனை எண்ணிப் பெருமைப்படுவாரும் உளர், நாணுவாரும் உளர். ஒரே குடும்பத்தில் இருவரையும் காணலாம்.

இரதத்தில் வரும் இறைவன் பழைய உலாவின் தலைவனே ஆவான். காட்சி கொடுப்பதற்கென்றே அவன் வீதிக்கு வருகின்றான். அவனைச் சீனரும் மலாய்க்காரரும் ஐரோப்பியரும் நின்று காண்பதில் யாதொரு குறையுமில்லை. சீன அன்பர் பலர் தேங்காய் உடைத்து வழிபடவும் செய்கின்றனர். காவடியோடு ஆடிவரும் இளைஞன் ஒருவன் கருவியைக் கண்டதும் சற்றே நின்று நிமிர்கின்றான் என்றால் அதுவும் அவன் கொடையே. ஆனால் அலகு குத்திக்கொள்வதற்காகக் கண்மூடி நிற்பவரின் நிலை வேறு. நாக்கை நீட்டி நிற்கும் அந்நேரத்தில் அவரால் வேண்டா என்று சொல்ல இயலாது. தம்மைப் பார்ப்பவரைத் திருப்பிப் பார்க்கவும் இயலாது. அவர் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் கருவியை நீட்டுபவன் எடுக்கின்றான், அவர் கொடுக்கவில்லை. அயல்நாட்டாரை மட்டும் இதற்குக் குறைகூறுதல் நேர்மையன்று. இந்நாளில் கைப்பேசியை உயர்த்துவோருள் பெரும்பகுதியினர் நம்மவரே. அன்று நமக்கு உண்டாகும் கூச்சத்தை, நாம் படகுத்துறையில் நடக்கும் நாளில் நினைத்துப் பார்த்தால், அம்மூதாட்டியின் கதவு எதற்குச் சாத்தப்பட்டது என்பது விளங்கும்.

மற்றொரு நிலையும் உண்டு. காணப்படுவார் அங்கு இல்லாமலே போய்விடுவது அது. ஆர்மீனியன் தெருவில் மிதிவண்டியில் செல்லும் இரு குழந்தைகளின் ஓவியத்தை அறியாதார் இலர். லித்துவேனியாவில் பிறந்த எர்னஸ்ட் ஸக்காரெவிச் என்னும் ஓவியர் 2012இல் தீட்டியது. சுவரில் குழந்தைகள் ஓவியமாகவும், மிதிவண்டி உண்மைப் பொருளாகவும் இருக்கும். அதன்முன் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொள்வது இன்று ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. ஓவியம் அழகியதுதான். எனக்கும் பிடிக்கும். ஆனால் அதனைக் காணும்தோறும் ஒரு கேள்வி எழுகின்றது. இத்தெருக்களில் உண்மையாகவே மிதிவண்டி ஓட்டித் திரிந்த குழந்தைகள் எங்கே?

அதற்கு விடை ஒரு சட்டத்தில் இருக்கின்றது. போருக்கு முற்பட்ட கட்டடங்களின் வாடகையை மிகக் குறைந்த அளவில் நிறுத்தி வைத்தது 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அதனால் தையற்காரர், பொற்கொல்லர், பூக்கட்டுவோர், பிரம்பு முடைவோர் முதலிய சிறுதொழிலாளர் பலர் நகரின் நடுவிலேயே வாழ இயன்றது. சொற்ப வாடகை பெற்ற உரிமையாளர் கூரையைப் பழுதுபார்க்கவும் பணமின்றி விட்டுவிட்டனர் என்பதையும் சேர்த்தே சொல்லல் வேண்டும். 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு அக்கட்டுப்பாடு முற்றாக நீங்கியது. வாடகை உயர்ந்தது. குடும்பங்கள் நகரின் விளிம்புகளில் எழுந்த அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்தன. அதன் பின்னரே மரபுடைமைப் பெருமை வந்தது. அதனோடு விடுதிகளும் காப்பிக்கடைகளும் வந்தன. பல இனத்தார் அடுத்தடுத்து வாழும் உயிருள்ள மரபு என்பதே ஜார்ஜ் டவுனைப் பட்டியலில் சேர்த்ததற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. 1833இல் எழுந்த குயின் தெரு மாரியம்மன் கோயிலும், தமிழ் முஸ்லிம்களின் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், சீனரின் கூ கொங்சியும் சில நிமிட நடைத்தொலைவுக்குள் அமைந்த நகரம் அது. கட்டடங்கள் நிற்கின்றன. அவற்றின் மாடியில் துணி உலர்த்தியவர் போய்விட்டார். சுவரில் தீட்டப்பட்ட குழந்தைக்கு வாடகை இல்லை. அதனால் அது நிற்கின்றது.

இவ்வளவு பாரத்தைப் பத்து வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றலாமா என்று ஆசிரியர் சிலர் வினவக்கூடும். வெயிலில் ஓடட்டும், மணலில் உருளட்டும், வீட்டுக்கு வந்து உறங்கட்டும் என்பர். நானும் அதனை மறுக்கவில்லை. வெயிலும் கடலும் எந்த மனிதரும் கொடுக்கும் கொடை அல்ல. அவற்றை நுகர எவரிடமும் இசைவு கேட்க வேண்டுவதில்லை. பட்டினப்பாலையைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்துக் கடற்கரையை நமக்குக் காட்டுகின்றார். அங்கே கடலில் நீராடுதல் உண்டு. நண்டை அலைக்கழித்து விளையாடுதல் உண்டு. அலையை உழக்குதல் உண்டு. மணலில் பாவை செய்தல் உண்டு. நம் பிள்ளைகள் பத்து பிரிங்கியில் செய்வனவற்றுள் எதுவும் புதிதன்று. ஆனால் அந்நூலில் விளையாடுவோர் யார் என்பதை மாணவர்க்கு எடுத்துக்காட்டுதல் வேண்டும். அவர்கள் வெளியூர்ப் பயணியர் அல்லர். முழுநிலா நாளில் கடல்மேற் செல்லாது ஓய்ந்திருக்கும் பரதவரே தாழை மலர் சூடி, பனங்கள் உண்டு, சுறவின் கொம்பை நட்டு வழிபட்டு, அங்கே களித்திருக்கின்றனர். கடலில் உழைப்பவருக்கே கடலின் இன்பமும் உரியதாக இருந்தது. புலவர் அவர்தம் ஓய்வைக் கண்டார்; உழைப்பையும் கண்டார்; துறைமுகத்தில் சரக்குக்கு முத்திரையிடும் காவலரையும் கண்டார். அந்நகரில் வந்து குவிந்த பொருள்களுள் காழகத்துப் பொருளும் ஒன்று என்று அவர் கூறுகின்றார். காழகமாவது கடாரம் என்று உரை கூறுவர். பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள கெடாவே அது. வானம் தெளிந்த நாளில் கொடிமலையிலிருந்து வடக்கே நோக்கினால் கெடாவின் செராய் மலை தெரியும். அதனை மாணவர்க்குச் சுட்டிக்காட்டும் ஆசிரியர், அவர்தம் விளையாட்டைக் கெடுத்தவர் ஆகார்.

பிள்ளைகள் கடைப்பிடிக்க வேண்டியவை உண்மையில் மிகச் சிலவே. படகுத்துறைக்குள் நாற்பது பேராக நுழையாமல் பத்துப் பத்துப் பேராகச் செல்லலாம். முதல் வீட்டு வாயிலில் இருப்பவரிடம் மலாய்மொழியில் நலம் விசாரித்து, உள்ளே வரலாமா என்று ஆசிரியர் கேட்கலாம். கைப்பேசி பைக்குள் இருக்கலாம். இவ்வாறு சென்ற ஒருமுறை, வலை பின்னிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எங்கள் பிள்ளைகளிடம், நீங்கள் எங்கிருந்து வருகின்றீர்கள், உங்கள் ஊரில் என்ன விளைகின்றது, உங்கள் தந்தையர் என்ன தொழில் செய்கின்றனர் என்று வரிசையாகக் கேட்டார். பிள்ளைகள் திணறிவிட்டனர். தம் ஊரில் என்ன விளைகின்றது என்பதில் அவர்களுக்குள்ளேயே வழக்கு எழுந்தது. செம்பனை என்றான் ஒருவன். அங்கே இப்போது வீடமைப்புத் திட்டம்தான் விளைகின்றது என்றாள் ஒருத்தி. அன்று காணப்பட்டவர்கள் நாங்கள். அந்த ஆண்டுக் கட்டுரைகளில் அம்முதியவர் வராத கட்டுரை இல்லை.

இறுதியாக ஓரிடத்தைக் குறிப்பிட்டு அமைவேன். பெரும்பாலான சுற்றுலாப் பட்டியல்களில் அதற்கு இடமில்லை. பாலத்தின் வழியாகத் தீவை நோக்கிச் செல்லும்போது இடப்புறச் சன்னலில், பினாங்குக் கரையை ஒட்டிப் பச்சைக் குன்றாக ஒரு சிறு தீவு தெரியும். அதன் பெயர் செரேசாக். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே தொழுநோயாளர் இல்லமும், கப்பலில் வந்து இறங்குவோரைத் தடுத்து வைக்கும் நோய்த்தடைக் காப்பகமும் அமைந்தன. 1969 முதல் 1993 வரை அது சிறைத்தீவாக இருந்தது. பின்னர் ஓய்வு விடுதியும் அங்கே எழுந்தது. அதனை நாடிச் சென்றோர் காட்டுவழியில் நடந்தனர், கடற்காற்று வாங்கினர்.

நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய நம் முன்னோர் பலர் பினாங்கு மண்ணை மிதிக்குமுன் அத்தீவில் தங்கவைக்கப்பட்டனர். மேல்தளப் பயணியராக வந்தோர்க்கே பெரும்பாலும் அந்நிலை. அறைக்கட்டணம் செலுத்தி வந்தோர் நேரே நகருக்குள் நடந்தனர். தீவில் இருந்தோரை மருத்துவர் வரிசையில் நிறுத்திப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், கண்ணிமையை விலக்கினார். குறுகிய நீர்ப்பரப்புக்கு அப்பால் பினாங்கின் கரை தெரிந்தது. மலை தெரிந்தது, இரவில் விளக்குகள் தெரிந்தன. இந்நகரைக் கரையேறாமல் நாள்கணக்கில் பார்த்துக்கொண்டே இருந்தவர்கள் அவர்கள். நம் குடும்பங்கள் பலவற்றில் பினாங்கை முதன்முதல் கண்ட கண்கள் அங்கிருந்தே கண்டன.

பேருந்து பாலத்தைக் கடப்பதற்கு ஒரு கால்மணி நேரம் ஆகும். அதற்குள் இத்தீவின் கதையைச் சொல்லி முடித்துவிடலாம். சுற்றுலாவுக்கு முதல் வாரம் மாணவரிடம் ஒரு சிறு வினாவைக் கொடுத்து, வீட்டிலுள்ள பெரியவரிடம் விடை கேட்டுவரச் செய்கின்றேன். நம் குடும்பத்தில் முதலில் வந்தவர் எக்கப்பலில் வந்தார் என்பதே அவ்வினா. 1973 வரை ஓடிய 'ரஜூலா' என்னும் பெயரைச் சிலர் கொண்டுவருவர். சிலர் கப்பலின் பெயர் இன்றி ஊரின் பெயரை மட்டும் கொண்டுவருவர். வெறுங்கையோடு வருவோரும் உண்டு. அவர்களையும் இடப்புறச் சன்னலோரமாகவே அமர்த்துகின்றேன்.